மாணவன் சொன்னது சரியென்று வகுப்பில் எப்படிச் சொல்வது?

வாசகர் கடிதம்

“வெள்ளவத்தையில் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கு 19 ஆண்டுகளாகப் பௌதிகவியல் தனியார் வகுப்பு நடத்தி வருகிறேன். சென்ற மாதம் விமானம் எப்படி எழும்புகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இறக்கையின் மேற்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று கூடுதல் தூரம் ஓட வேண்டும், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பைச் சேர வேண்டியிருப்பதால் அது வேகமாக ஓடுகிறது, வேகம் கூடுவதால் அமுக்கம் குறைகிறது என்று வழக்கம்போலச் சொன்னேன். நாற்பது பேர் இருந்த வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, ‘சேர், இரண்டு காற்றும் ஏன் ஒரே நேரத்தில் சேர வேண்டும்? அப்படியென்றால் சில விமானங்கள் தலைகீழாகப் பறப்பது எப்படி?’ என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ‘அப்ப நீர் வந்து படிப்பியும், நான் அங்கே இருக்கிறேன்’ என்று மார்க்கர் பேனையை நீட்டினேன். வகுப்பே சிரித்தது. அன்றிரவு இரண்டு மணிவரை தேடிப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. என் தந்தையும் ஆசிரியர். ‘பிள்ளைகளுக்கு முன்னால் தெரியாது என்று சொன்ன வாத்தியாருக்கு அதற்குப் பிறகு வகுப்பு இல்லை’ என்பது அவர் வாக்கு. தெரியாதவர்களே தங்களைக் கூடுதலாக மதிப்பிட்டுக்கொள்வார்கள் என்ற டனிங்–குரூகர் விளைவு பற்றி இணையத்தில் வாசித்த பிறகு, எனக்குப் படிப்பிக்கத் தகுதியே இல்லையோ என்று தோன்றுகிறது. நான் வீட்டிலும் இப்படித்தான் என்கிறார் மனைவி. வகுப்பில் பிழையை ஒத்துக்கொண்டால் இருக்கிற மரியாதையும் போய்விடாதா?”

— பெயர் குறிப்பிட விரும்பாத ஆசிரியர், கொழும்பு 06

உளவளத்துணையாளரின் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்திலிருந்து தொடங்குகிறேன். மாணவர்கள் எல்லோரும் போன பிறகு, கேள்வி கேட்பதற்கு எவரும் இல்லாத வீட்டில், இரவு இரண்டு மணிவரை அந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறீர்கள். வெல்வதை மட்டுமே விரும்புகிறவருக்கு வகுப்பு சிரித்ததோடு விடயம் முடிந்திருக்கும். உங்களுக்கு முடியவில்லை. கிடைத்த விடை உங்களுக்கு எதிராக இருந்தும் அதை ஏற்றுக்கொண்டு, முன்பின் அறியாத எனக்கு எழுதியும் இருக்கிறீர்கள். தனிமையில் இவ்வளவு இயல்பாகச் செய்ய முடிந்த ஒன்றை நாற்பது பேருக்கு முன்னால் ஏன் செய்ய முடியாமல் போயிற்று என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் டனிங்–குரூகர் பற்றிய அச்சத்தை ஒதுக்கி வைப்போம். கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் குரூகரும் டேவிட் டனிங்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் மாணவர்களைச் சோதித்து, மற்றவர்களோடு ஒப்பிடுகையில் தாங்கள் எந்த இடத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். கடைசிக் காற்பகுதியில் இருந்தவர்கள் உண்மையில் நூறு பேரில் சராசரியாக 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். ஆனால் 62 பேரை முந்தியதாகத் தங்களை மதிப்பிட்டார்கள். இந்த முடிவில் எவ்வளவு உளவியல், எவ்வளவு வெறும் புள்ளிவிவரத்தின் இயல்பு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்து வருகிறார்கள். இணையத்திலோ அது அடுத்தவரை முட்டாள் என்று அழைப்பதற்கான நாகரிகமான வசையாகிவிட்டது. நீங்கள் உங்கள் பாடத்தில் கடைசிக் காற்பகுதியில் இருப்பவர் அல்லர். அந்த வசையை எடுத்து உங்கள் மீதே எறிந்துகொள்ளாதீர்கள்.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான ஆய்வு வேறொன்று. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசன்பிளிட்டும் ஃபிராங்க் கைலும் 2002இல் அதை வெளியிட்டார்கள். தையல் இயந்திரம், பூட்டு, ஹெலிகொப்டர், சட்டையின் சிப் போன்றவை வேலை செய்யும் விதம் தங்களுக்கு எவ்வளவு விளங்கும் என்று 1 முதல் 7 வரை புள்ளியிடும்படி மக்களைக் கேட்டார்கள். பிறகு, ஒவ்வொரு படியும் அடுத்த படியை எப்படி உண்டாக்குகிறது என்று ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னார்கள். எழுதத் தொடங்கியதும் பலருக்குப் பாதி வழியில் பேனை நின்றது. மறுபடி புள்ளியிட்டபோது தங்களுக்குத் தாங்களே கொடுத்த புள்ளி இறங்கியது. தலைநகரங்களின் பெயர், ஒரு கதையின் போக்கு, சமையற் செய்முறை போன்றவற்றில் நாம் இவ்வளவு ஏமாறுவதில்லை. ஒன்று எப்படி இயங்குகிறது என்ற இடத்தில்தான், தெரியாததைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வது மிக அதிகம்.

ஆசிரியத் தொழிலில் இந்த மயக்கம் வேரூன்றுவதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. தியரி வகுப்பில் ஒரு தரம், ரிவிஷன் வகுப்பில் ஒரு தரம், பேப்பர் கிளாஸில் இன்னொரு தரம் என்று ஒரே விளக்கத்தை ஆண்டுக்கணக்கில் சொல்லி வரும்போது, சொற்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும் பழக்கம் நாவுக்கு ஏற்பட்டுவிடுகிறது. தடங்கலின்றிச் சொல்ல முடிவதையே விளங்கியதற்கு அத்தாட்சியாக மனம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சொன்ன அந்த விளக்கம் உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. உலகெங்கும் எத்தனையோ பாடநூல்களில் இடம்பெற்ற ஒன்று அது. நாசா நிறுவனம் தன் கல்விப் பக்கங்களில் அதைத் தவறான விளக்கங்களுள் ஒன்றாக வைத்து மறுக்கும் அளவுக்குப் பரவியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பபின்ஸ்கி காற்றுச் சுரங்கத்தில் புகைக்கீற்றுகளை விட்டுக் காட்டிய காட்சியில், மேலே போகும் காற்று கீழே போகும் காற்றுக்காகக் காத்திராமல் முந்திக்கொண்டு பின்விளிம்பைக் கடந்துவிடுவதைக் கண்ணாலேயே காணலாம். வேகம் கூடிய இடத்தில் அமுக்கம் குறைவு என்ற பேர்னூலியின் தத்துவம் அப்படியே நிற்கிறது. வேகம் ஏன் கூடுகிறது என்பதற்குச் சொன்ன காரணந்தான் விழுந்துவிட்டது. 19 ஆண்டுகளாக நீங்கள் ஓட்டிச் சென்ற பாதையில் ஒரேயொரு மூட்டு மட்டும் இற்றுப்போயிருந்தது. அந்த இளைஞன் சரியாக அங்கே நின்று கேட்டிருக்கிறான்.

அவன் கேட்ட கணத்தில் உங்களுக்கு நடந்தது விமானத்தைப் பற்றியதல்ல. எலிசபெத் கிரம்ரே-மன்கூசோ, ஸ்டீவன் ரவுஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்று, அறிவு பற்றிய பணிவை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது. கருத்தை மாற்றிக்கொள்ளும் திறந்த மனம் ஒன்று, பிறர் கருத்துக்கு மதிப்பளிப்பது ஒன்று, தன் அறிவில் அளவுகடந்த நம்பிக்கை வைக்காமை ஒன்று. நான்காவது, அறிவையும் தன்மானத்தையும் ஒன்றோடொன்று கட்டிப்போடாமல் இருப்பது. இரவு இரண்டு மணிக்கு முதல் மூன்றும் உங்களிடம் இருந்தன. மாலை வகுப்பில் இல்லாமற் போனது நான்காவது. “இரண்டு காற்றும் ஏன் ஒரே நேரத்தில் சேர வேண்டும்” என்று அவன் கேட்டபோது உங்கள் காதில் விழுந்தது “நீங்கள் யார்” என்ற கேள்வியாக இருந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அத்தனை விரைவில் அத்தனை கூர்மையான பதில் வந்திருக்காது.

இதை உங்கள் குணக்கேடு என்று சொல்லி முடித்துவிட என்னால் முடியாது. பாடசாலை ஆசிரியருக்கு அவர் பதவி பின்பலமாக நிற்கிறது. தனியார் வகுப்பு ஆசிரியருக்கு அவர் பெயரே முதல். காலி வீதியில் மின்கம்பத்தில் தொங்கும் பதாகையில் பாடத்தின் பெயரைவிட ஆசிரியரின் பெயரும் படமும் பெரிதாக இருக்கும் தொழிலில், ஒரு மாணவன் கேள்வி கேட்டு நீங்கள் திணறியது அன்றிரவே வாட்ஸ்அப் குழுக்களில் போய்விடும் என்ற பயம் கற்பனையல்ல. அடுத்த ஒழுங்கையிலேயே இன்னொருவருடைய வகுப்பு இருக்கிறது. அந்த நெருக்குதலை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அந்தப் பயம் காட்டிய வழி பிழையானது. மரியாதை போய்விடாதா என்று கேட்கிறீர்கள். அன்று வகுப்பில் இருந்த மற்ற முப்பத்தொன்பது பேரை நினைத்துப் பாருங்கள். இறக்கையின் மேல் காற்று எப்படிப் போகிறது என்பதை அவர்களில் பலர் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். எழுந்து கேட்டவனுக்கு என்ன நடந்தது என்பதை மறக்கமாட்டார்கள். ஏமி எட்மன்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நன்றாக வழிநடத்தப்பட்ட மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து வழங்குவதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் பிழைகள் கூடுதலாக இருந்தன. அந்தப் பிரிவுகளில் தாதியர் பிழையை வாய்விட்டுச் சொல்லத் துணிந்தார்கள். மற்றைய இடங்களில் மறைத்தார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். கேள்வியே எழாத வகுப்பும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எல்லோருக்கும் எல்லாம் விளங்கிய வகுப்பாகத் தெரியும். உங்களுக்கும் அப்படியே தெரியும், அதுதான் ஆபத்து.

உங்கள் தந்தையின் வாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகம் கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில், ஊரில் அந்தப் பாடம் தெரிந்த ஒரே மனிதராக நின்ற தலைமுறையின் வாக்கு அது என்று நினைக்கிறேன். அவர் தயங்கினால் பிள்ளைகள் போய்க் கேட்க வேறிடம் இருக்கவில்லை. இன்று உங்கள் மாணவனின் கைத்தொலைபேசியில், நீங்கள் மூச்சு விடும் நேரத்துக்குள் பபின்ஸ்கியின் புகைக்கீற்று வந்துவிடும். தெரியாது என்பதை மறைக்கும் வழியே இல்லாத காலத்தில் நீங்கள் கற்பிக்கிறீர்கள். அவரை மறுக்காமலே, அவர் காப்பாற்ற நினைத்த மதிப்பை வேறு வழியில் காப்பாற்றலாம்.

‘பணிவு’ என்ற சொல்லே நமக்குள் ஒரு தடையைப் போடுகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் சால்வையை இடுப்பில் கட்டிக் கைகட்டி நிற்கும் ஓர் உருவம் நினைவுக்கு வருகிறது. தாழ்ந்து நின்றால் மாணவர் எப்படி மதிப்பார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. உளவியலில் இந்தப் பண்பைக் குறிக்கும்போது குனிவதை எவரும் கருதுவதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் மார்க் லியரியும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வுகளில், இந்தப் பண்பு கூடுதலாக உள்ளவர்கள் வலுவான சான்றையும் வலுவற்ற சான்றையும் பிரித்தறிவதில் கூடிய நுட்பம் காட்டினார்கள். தன் அறிவு எங்கே முடிகிறது என்று அறிந்திருப்பதும் ஓர் அறிவே. பௌதிகவியலில் இதை நீங்கள் நாள்தோறும் செய்கிறீர்கள்: அளவீடு ஒன்றை எழுதும்போது பக்கத்திலேயே அதன் வழுவையும் எழுதச் சொல்கிறீர்கள். வழுவை எழுதியதால் அளவீட்டின் மதிப்புக் குறைந்ததாக எந்த மாணவனும் நினைப்பதில்லை.

எனக்கும் இதில் ஓர் அனுபவம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், படிக்க உட்கார்ந்தால் சோர்ந்து விழுகிறாள் என்று ஒரு தாய் தன் மகளை என்னிடம் அழைத்து வந்தார். பரீட்சைப் பயம் என்று முடிவுகட்டி, ஆறு வாரங்கள் அதற்கே துணை செய்தேன். குருதிப் பரிசோதனை செய்து பார்த்தீர்களா என்று ஒரு தாதி அந்தத் தாயிடம் கேட்ட பிறகுதான், அவளுக்கு இருந்தது கடுமையான குருதிச்சோகை என்று தெரியவந்தது. தாய் அதை வந்து சொன்னபோது என் வாயில் முதலில் வந்த வாக்கியம், “பயமும் இருந்ததுதானே” என்பது. அந்த வாக்கியத்தை இன்றும் நினைத்து வெட்கப்படுகிறேன். நோயைத் தவறவிட்டதைக் காட்டிலும் அதுதான் என்னை அதிகம் வருத்தியது. அதற்குப் பிறகு, முதற் சந்திப்பிலேயே உடற்பரிசோதனை பற்றிக் கேட்காமல் நான் யாரையும் ஏற்றுக்கொள்வதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் பிழைகள் இரண்டு: விளக்கத்தில் ஒரு படி தவறு, கேட்டவனை எல்லோருக்கும் முன்னால் பரிகசித்தது. பெரும்பாலானோர் முதலாவதைத் திருத்தி, இரண்டாவதை அதற்குள் கரைத்துவிடப் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். பிழை நடந்தது வகுப்பில்; ஆகவே திருத்தமும் வகுப்பில், அதே மாணவர்களுக்கு முன்னால் நடக்க வேண்டும். அதற்கு முன் அந்த மாணவனோடு தொலைபேசியில் பேசுங்கள், அவனுடைய பெற்றோருக்கும் தெரியும்படியாக. “நீர் கேட்டது சரி. எனக்கு விடை தெரியவில்லை. அதை மறைக்கத்தான் உம்மைப் பரிகசித்தேன். அது பிழை. வருகிற வகுப்பில் இதை எல்லோருக்கும் சொல்லப்போகிறேன். உம்முடைய பெயரைச் சொல்லலாமா?” என்பதற்கு மேல் நீட்ட வேண்டாம். நீண்ட மன்னிப்பு, கேட்பவனையே உங்களைத் தேற்றும் நிலைக்குத் தள்ளிவிடும். கட்டணத்தைக் குறைப்பதாகவோ வேறு சலுகை தருவதாகவோ சொல்லாதீர்கள். அவன் திரும்பி வருவதற்கான விலையாக அது தோன்றும். அவன் வராமலே போனாலும் வகுப்பில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். அது அந்த முப்பத்தொன்பது பேருக்கும் உரியது.

இனி எழும் கேள்விகளுக்கு ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: “இதற்கு எனக்கு இப்போது விடை தெரியாது, வியாழக்கிழமை பார்த்து வந்து சொல்கிறேன்.” வியாழக்கிழமை, அவர்கள் மறந்திருந்தாலும், முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். தெரியாது என்று சொன்ன ஆசிரியரை மாணவர்கள் கைவிடுவதை நான் அதிகம் கண்டதில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒருபோதும் சொல்லாத ஆசிரியரை அவர்கள் மெல்ல மெல்லக் கைவிடுவதைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வாரம் ஒரு தலைப்பை எடுத்து, குறிப்பைப் பாராமல், பொறிமுறையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். “ஏன் இது சரி” என்று காரணங்களை அடுக்குவது இதற்கு உதவாது. பிலிப் பெர்ன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் அரசியல் கொள்கைகளை வைத்து இதைச் சோதித்தார்கள்: ஒரு கொள்கை படிப்படியாக எப்படி வேலை செய்யும் என்று விளக்கக் கேட்கப்பட்டவர்கள் தங்கள் நிலைப்பாட்டில் தணிந்தார்கள், அதை ஆதரிப்பதற்கான காரணங்களைச் சொல்லக் கேட்கப்பட்டவர்கள் தணியவில்லை. காரணம் தேடும் மனம் வழக்கறிஞராகிவிடுகிறது. படிகளை எழுதும் கைக்கு இற்ற மூட்டு தானாகவே அகப்படுகிறது.

தன்மானம் சுடுகிற கணத்துக்கு வேறொரு பயிற்சி இருக்கிறது. இகோர் குரோஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாத காலம் அன்றன்றைய முக்கிய நிகழ்வைத் தம்மைப் படர்க்கையில் வைத்து நாட்குறிப்பாக எழுதியவர்களிடம், தன்மையில் எழுதியவர்களைவிட, தம் அறிவின் எல்லையை உணர்வது உள்ளிட்ட நிதானமான சிந்தனை வளர்ந்திருந்தது. தமிழில் இதைச் செய்யும்போது ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு வராத ஒரு தெரிவு வருகிறது: உங்களை ‘அவன்’ என்று எழுதுவதா, ‘அவர்’ என்று எழுதுவதா? என்னிடம் வருகிறவர்களை ‘அவர்’ என்றே எழுதச் சொல்கிறேன். ‘அவன்’ என்று தொடங்கியவர்கள் மூன்றாம் நாளில் தங்களைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். “அந்த மாணவன் கேட்டபோது அவருக்கு முகம் சூடாகியது, அவர் மார்க்கர் பேனையை நீட்டினார்” என்று எழுதிப் பாருங்கள். அந்த ‘அவர்’ அடுத்த முறை என்ன செய்யலாம் என்பது எளிதாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எனக்குத் தகுதியே இல்லையோ என்று நீங்கள் எழுதியதைப் பணிவு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. டெனிஸ் விட்கம் உள்ளிட்ட நான்கு மெய்யியலாளர்கள் 2017இல் எழுதிய கட்டுரையில், தன் குறைகளைத் தன்னுடையவை என்று உரிய அளவில் ஏற்பதையே இந்தப் பண்பு என்றார்கள். அந்த அளவைக் கடந்து குறையையே கட்டிப்பிடித்துக்கொள்வது அடிமைத்தனத்தில் முடியும். ஒரு படி பிழைத்ததால் 19 ஆண்டுகளையும் தூக்கி எறிவது, மறுபடியும் உங்கள் முழு மதிப்பையும் ஒரே விடையில் ஏற்றி வைப்பதுதான். நியூட்டனின் இரண்டாம் விதியைக் கற்பிக்கும்போது “இருக்கலாம்” என்று தயங்காதீர்கள். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவே சொல்லுங்கள்.

மனைவி சொன்னதைப் பற்றி அதிகம் எழுதுமளவுக்கு எனக்கு விவரம் தெரியாது. அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லும்படி அவரைக் கேளுங்கள். கேட்டபின் மறுநாள் காலைவரை மறுமொழி சொல்லாதிருங்கள். அது வகுப்பில் பேசுவதைவிடக் கடினமாக இருக்கலாம்.

கடைசியாக, அந்த மாணவனின் இரண்டாவது கேள்வி இன்னும் வகுப்பில் பதிலின்றி நிற்கிறது. விமானம் தலைகீழாகப் பறக்கும்போது விமானி அதன் மூக்கைத் தொடுவானத்துக்கு மேலே தூக்கிப் பிடிப்பதால், இறக்கை காற்றை இன்னமும் ஒரு சாய்கோணத்தில் சந்தித்து அதைக் கீழ்நோக்கித் திருப்புகிறது; மேற்பக்க வளைவு தவறான பக்கத்தில் இருந்தும் அது எழும்பி நிற்பது இதனால்தான் என்பதை அந்த இரவிலேயே நீங்கள் கண்டிருப்பீர்கள். வருகிற வகுப்பில், மன்னிப்பைச் சொன்ன கையோடு, வெண்பலகையில் அந்தப் படத்தைக் கீறித் தொடங்குங்கள். ஒரு கடதாசி விமானத்தையும் எடுத்துச் செல்லுங்கள்: அதன் இறக்கை இருபக்கமும் தட்டையானது, அதுவும் பறக்கிறது.

அன்புடன்.